மணி நின்ற பிறகு

"என் காதைப் பாக்கக் கண்டி டாக்குத்தருகிட்ட அனுப்புங்க, தொரை," என்றாள் சீரங்காயி. கோப்பித் தோட்டத்தில் துரையிடம் யாரும் நேராகப் பேசக் கூடாது என்பது கங்காணி போட்ட சட்டம். விடியற்காலையில் ஆட்களை எழுப்ப அடிக்கும் தப்புப் பறையின் சத்தம் கேட்காமல் மூன்று நாளாக வேலைக்குப் பிந்தி வந்தவளைச் சோம்பேறி என்றவனும் அவன்தான்.

"தப்பே கேக்காதவளுக்கு டாக்குத்தரு பேசுறது கேக்குமாக்கும்," என்று சிரித்துக்கொண்டே, துரை சொன்னபடி கங்காணி கண்டிக்குக் கூட வந்தான்.

டாக்டர் அவளைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். மணி கேட்டால் கையைத் தூக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் பத்துத் தடவை அடித்தார். அவள் கை அசையவில்லை. மணியை மேசையில் வைத்த பிறகு கையைத் தூக்கினாள்.

"என்னம்மா?" என்று கம்பவுண்டர் காதோரம் கத்தினார்.

"எம் புருசன் கூப்புடுறாரு. தண்ணி வேணுமாம்."

அவன், கப்பலிறங்கித் தோட்டத்துக்கு நடந்து வந்த மன்னார்ப் பாதையில் காய்ச்சலில் விழுந்தவன். பெண்களை முன்னே நடக்கவிட்டு, செத்தவனைப் புதைத்துவிட்டு வந்ததாகக் கங்காணி சொல்லி இரண்டு வருடம்.

வாசலில் நின்ற கங்காணி சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். "உசுரோட வுட்டுட்டு வந்தப்பவும் இப்படித்தான் தண்ணி கேட்டுக் கத்துனான்," என்றான்.

திரும்பிப் பார்த்த அவளுக்கு அவன் வாயசைவே போதுமாயிருந்தது. எழுந்து, படியிறங்கி, மாத்தளை ரோட்டில் வடக்கே, மன்னார்ப் பக்கம் நடந்தாள்.