நீலத்துளி

எடைக் கொட்டகையில் தராசுக்குப் பக்கத்தில் லூயிஸ் நிற்கிறான். வெளியே மஞ்சு புகையாய் இறங்குகிறது. தேயிலை விலை விழுந்ததில் எஸ்டேட் கம்ப்யூட்டர் வேலைக்கு இனி அவன், கெஸியா இருவரில் ஒரு ஆள்தான். எடை போடும்போது இலையின் ரகத்தைத் தொட்டுப் பதிய இருவரும் ஆளுக்கொரு திரை செய்திருக்கிறார்கள். இலை கொண்டுவரும் பெண்கள் யாருடைய திரையைத் தடுமாறாமல் தொடுகிறார்களோ, வேலை அவருக்கு. லூயிஸின் திரை முழுக்க எழுத்து. காலையில் ஒவ்வொருத்தியும் அவனைக் கேட்டுத்தான் தொட்டாள். அது அவனுக்குப் பிடித்தும் இருந்தது. இப்போது கெஸியாவின் திரை, எல்லாம் படம். கொழுந்துக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும், முற்றியதற்கு அகன்ற ஒற்றை இலை, ஈர இலைக்கு நீலத்துளி. துளியைக் குடிதண்ணீர் என்று நினைத்து யாராவது தடுமாறட்டும் என்று அவன் மனம் வேண்டுகிறது. ஆண்டாயி மூட்டையை இறக்குகிறாள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளிலிருந்து நீர் சொட்டுகிறது. ஒருகணம் அதைப் பார்த்துவிட்டுத் துளியைத் தொடுகிறாள். "ஏனுங்க லூயிஸ் சார், இனி உங்களைக் கேக்கற வேலையே இல்லீங்க!" வரிசை சிரிக்கிறது. கெஸியா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிகிறது. அடுத்தவளுக்கு இரண்டு கையிலும் மூட்டை. "நீங்களே தொட்டுடுங்க சார்." லூயிஸ் மூட்டைக்குள் எட்டிப் பார்க்கிறான், எல்லாம் முற்றல். திரையில் எழுத்தைத் தேட அவனுக்குத் தோன்றவே இல்லை. விரல் ஏற்கெனவே அந்த அகன்ற இலையின் மேல் இருக்கிறது.