நெடி

ஒரே மிளகாய் வற்றலைக் கிள்ளி, அதன் விதைகளை நானும் என் ஓரகத்தி சுகந்தியும் பங்கிட்டு மொட்டைமாடித் தொட்டிகளில் விதைத்தோம். அவளுடையவை எல்லாம் முளைத்துக் காய்த்துத் தொங்கின. என்னுடையவற்றில் ஒன்றுகூட முளைக்கவில்லை. "அவ கைராசி அப்படி" என்று மாமியார் என் காதுபடவே சொன்னார். தினமும் என் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அவள் செடிகளையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த வாரம் அவற்றின் இலைகள் சுருளத் தொடங்கின.

"யாரு கண்ணு பட்டுச்சோக்கா. உங்க கையால சுத்திப் போட்டுடுங்க" என்று சுகந்தி வற்றலும் உப்பும் தணல் சட்டியும் கொண்டுவந்து வைத்தாள். மாமியாரும் வந்து நின்றார். செடிகளைச் சுற்றித் தணலில் போட்டேன். கண்ணேறு இல்லையென்றால் நெடி ஏறி எல்லோரும் இருமவேண்டும். வற்றல் கருகிப் புகைந்தது. ஒருவரும் இருமவில்லை.

"ஆத்தாடி, துளிகூட நெடியில்ல பாரு! எந்தப் பாவி கண்ணோ!" என்றார் மாமியார்.

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருமினேன். "நெடி வருதே அத்தை" என்று சொல்லி இன்னும் பலமாக இருமினேன். புகை என் பக்கம் வரவேயில்லை. சுகந்தியின் முகத்தை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் கண்கூடக் கலங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.