பருந்து பார்த்த நாடுகள்

மழைக்கு முன்னால் வலசை வரும் பருந்து, வயலோரப் பாறைமேல் உட்கார்ந்து தான் பார்த்த நாடுகளின் கதையை அளக்கும். பாறை இடுக்கிலிருக்கும் தவளை வாயைப் பிளந்து கேட்கும்.

"வடக்கே ஒரு நாட்டுல வீட்டுக்கு ரெண்டு கார், ரோடு வழவழன்னு கிடக்கு. பக்கத்து நாட்டுல ஊருக்கு ஒரு கார், அரைகுறை ரோடு. இங்க என்னடான்னா வெறும் வண்டித்தடம்! வந்தாலே இளைச்சுப் போறேன்."

தவளைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. "அங்க சாப்பாடு எப்படிண்ணே?"

"தேடவே வேணாம். ரோட்டுலயே கிடைக்கும்."

வந்த விருந்தாளியையே கொழுக்க வைக்கிற ரோடு சொந்த ஊர்க்காரனைப் பட்டினி போடுமா என்று நினைத்தது தவளை. என்ன சாப்பாடு என்று கேட்கத் தோன்றவில்லை.

மறு கோடையில் வயலுக்கும் ஏரிக்கும் நடுவே தார் ரோடு போட்டார்கள். "நம்ம நாடும் முன்னேறிடுச்சு!" என்று தவளை எல்லாரிடமும் குதித்துக் குதித்துச் சொன்னது.

முதல் மழைக்கு, முட்டையிட ஏரிக்குப் போவது தவளைகளின் வழக்கம். அன்று சாயங்காலம் மழை விட்டதும், "ரோட்டு மேலயே போ, சொகமா இருக்கும்" என்று பெண்டாட்டியை முன்னால் அனுப்பியது தவளை.

ஒரு கார் போனது. பின்னாலேயே இன்னொன்று.

பருந்து இறங்கி, மழை நனைத்தும் சூடு ஆறாத தார்மேல் நிதானமாகக் கொத்தத் தொடங்கியது.

"அண்ணே! அது என் பெண்டாட்டி!"

பருந்து அலகைத் தாரில் தேய்த்துத் துடைத்துக்கொண்டது. "அந்த நாட்டு ருசி அப்படியே இருக்குப்பா. இனிமே நான் எங்கயும் பறக்க வேணாம்."