தினைக் கிண்ணத்தில் ஒரு முட்டை

ஜெபசிங் சார் வீட்டுக் கூண்டில் ஒரு ஜோடி ஃபின்ச் குருவிகள் மூன்று குஞ்சு பொரித்தன. சாருக்குத் தலைகால் புரியவில்லை. மணிக்கொரு தரம் கூட்டுப் பானைக்குள் கையை விட்டுக் குஞ்சுகளை வெளியே எடுத்துப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார். தினைக் கிண்ணத்தை மட்டும் எட்ட நின்றே பார்த்து, “நிறைய இருக்கே” என்பார். இருந்ததெல்லாம் குருவிகள் தின்று துப்பிய உமி.

நாலாம் நாள் குஞ்சுகள் பட்டினியில் செத்தன. சார் கண்கலங்கி வாட்ஸ்அப் குரூப்பில் காரணம் கேட்டார். “தாய்க்குப் பொறுப்பு பத்தாது” என்று பதில் வந்தது. அதற்கு நாற்பது பேர் கைதட்டினார்கள்.

“கேட்டியா? உனக்குத்தான் பொறுப்பில்லையாம்” என்றது ஆண் குருவி.

“ஆமா, உமியை ஊட்டிப் பிள்ளை வளர்க்கத் தெரியலையே எனக்கு” என்றது பெண்.

சார் சும்மா இருப்பாரா? பானைக்குள் கேமரா பொருத்தினார். கிண்ணத்து உமியின் மேலேயே ஒரு பிடி தினையைத் தூவிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் பெண் குருவி பானைப் பக்கமே போகவில்லை. கிண்ணத்து உமிக்குள் முட்டையிட்டது.

“ஐயோ, இங்கேயா?” என்று பதறியது ஆண்.

“பயப்படாதே. இந்தக் கூண்டுல அவர் குனிஞ்சு பார்க்காத இடம் இது ஒண்ணுதான்.”