கொண்டை ஊசி வளைவில் சம்புவராயர்கள்

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மினி பஸ்ஸில், அந்தப் பகுதியை ஒரு காலத்தில் ஆண்ட சம்புவராயர்களின் ஏரி வரிகளைப் பற்றிய பாட்காஸ்ட்டின் எட்டாம் பாகம் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டெல்லாம் நிறைந்திருந்தும் யாரும் பேசவில்லை.

டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் அன்பரசன் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தான். ஸ்பீக்கரில் பேசுவது அவன் குரல்தான். திரும்பிப் பார்த்தால் பெருமைக்குப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொள்வார்களோ என்று கண்ணைச் சாலையிலேயே வைத்திருந்தான்.

ஆலங்காயத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் அவன். இரண்டு வருடமாக வீட்டின் பின்னறையில் சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்து வரலாறு பேசி, இணையத்தில் ஏற்றிவந்தான். அந்த அறையில் தையல் மெஷின்களைப் போட்டு வகுப்பு நடத்த வேண்டும் என்பது மனைவி நதியாவின் ஆசை. இதுவரை கேட்டவர்கள் யாரென்று துருவிப் பார்த்ததில் ஒன்று மச்சான், இன்னொன்று அவனுடைய பழைய போன்.

நதியா முடிவாகச் சொல்லிவிட்டாள். "முழுசா கேட்டேன்னு ஒரே ஒரு ஆளு என்கிட்ட சொல்லட்டும். ரூமு உங்களுக்கே. இல்லன்னா திங்கக்கெழம மெஷினு வந்து எறங்கும்."

அந்த நேரத்தில்தான் சின்னராசுவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர். வண்டியில் போட நல்ல வரலாற்று பாட்காஸ்ட் ஒன்றைப் பல மாதமாகத் தேடி அலைந்திருக்கிறார். ஒன்றில் பேசுகிறவர்கள் சும்மா சும்மா சிரித்தார்களாம். இன்னொன்றில் சண்டை வந்தால் முரசு அடித்தார்களாம். சென்னைப் பெண் ஒருத்தி நன்றாகத்தான் சொன்னாளாம்.

"ஆனா அடுத்து இன்னா ஆவும்னு கேக்க வச்சிடுது சார், அது நமக்கு ஒத்துவராது. உங்களுத போட்ட ரெண்டாம் நிமிசமே தெரிஞ்சிபோச்சி, இதான்னு. நீளத்த மட்டும் கொறச்சிடாதீங்க. மல ஏறி முடியற வரைக்கும் வரணும்."

பரபரப்பை விரும்பாத ரசிகர். இப்படியொருவர் அமைய வேண்டுமென்றுதான் அன்பரசன் இத்தனை நாள் காத்திருந்தான். அடுத்த பாகத்தில் சிரத்தையோடு வரிகளின் பெயர்களை மட்டுமே முக்கால் மணி நேரம் வாசித்தான்.

இன்று நேரில் பார்க்க வந்திருந்தான். சின்னராசு இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார், டிக்கெட் எடுக்க விடவில்லை. பிறகு மப்ளரைக் காதோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். மே மாத வெயிலில் மப்ளர். மலைக்காரர்களின் வழக்கம் போலும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வழியில் இரண்டு முறை பேச்சுக் கொடுத்தும் பதில் இல்லை. பாட்காஸ்ட் ஓடும்போது இந்த மனிதர் வேறெதையும் சட்டை செய்ய மாட்டார் என்று தெரிந்ததும் அன்பரசனுக்குப் புல்லரித்தது.

வளைவுகள் தொடங்கின. மேலே தொங்கிய கண்ணாடியில் ஓரக்கண்ணால் பார்த்தான். சீட்டுகளின் முதுகுக்கு மேலே தலைகள் ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தன. ஏரி வரியின் அநியாயத்தை ஊரே ஆமோதிக்கிறது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

ஜமுனாமரத்தூரில் வண்டி நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. பாகம் முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்றே அன்பரசன் நினைத்தான். கண்டக்டர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, சீட் சீட்டாகப் போய்த் தோளைத் தட்டி எழுப்பத் தொடங்கினார்.

முதல் வரிசையில் இருந்த ராணியம்மாள் கடைவாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மடியிலிருந்த சாமை மூட்டையைத் தேடினாள். அது உருண்டு அன்பரசன் காலடிக்கு வந்திருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு, நல்ல தூக்கமா என்று கேட்டான்.

"மின்னாடியெல்லாம் இந்த வளைவுல கொடலே வெளிய வந்துடும் தம்பி. ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரப் புடிச்சிக்கினுதான் வருவோம். இந்த ஆளு பேச்சப் போட ஆரம்பிச்சதுல இருந்து மொத வளைவுக்கு மின்னாடியே கண்ணு சொருகிக்குது. ஒருத்தரும் வாந்தி எடுக்கறதில்ல. யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்."

அன்பரசன் அது தன் குரல் என்று சொல்லவில்லை. கொட்டாவி விட்டபடி ஒவ்வொருவராக இறங்கிப்போனார்கள். பஸ் காலியானது.

அவனும் எழுந்து படிக்கட்டு வரை வந்தான். அங்கே ஒன்று புரிந்தது. ஏறியவர்கள் எல்லாரும் தூங்கியிருக்கலாம், ஓட்டியவர் தூங்கியிருக்க முடியாது. நதியா கேட்டதும் ஒரே ஒரு ஆளைத்தானே.

இறங்கி ஓடினான். சின்னராசு மப்ளரைக் காதிலிருந்து இறக்கிவிட்டு, டீக்கடை வாசலில் கிளாஸோடு நின்றிருந்தார். அன்பரசன் நதியாவை அழைத்து, விஷயத்தைச் சொல்லி, போனை அவர் கையில் கொடுத்தான். அந்தப் பக்கம் தையல் மெஷின்காரரிடம் விலை பேசிக்கொண்டிருந்தவள், அவரை நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"அண்ணா, இவரு பேசறத நீங்க முழுசா கேக்கறீங்களா?"

சின்னராசு டீயைக் கீழே வைத்தார்.

"நான் கேட்டுக்கினு ஓட்னா வண்டி பள்ளத்துலதாம்மா கெடக்கும்."