சீதனம் கேட்காத மாப்பிள்ளை

கணித ரீச்சர் சுரேகாவுக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது. அவளை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போக ஸ்கந்தபுரம் வந்திருந்த தாய் அருந்ததியிடம், அன்று பின்னேரமே முத்துலிங்கமும் வடிவம்மாவும் சம்பந்தம் கதைக்க வந்துவிட்டார்கள்.

"பெடியன் பேர் பிரதாபன். வயல் இருக்கு, குடி இல்லை," என்றார் முத்துலிங்கம்.

முப்பது தாண்டிய மகளை நினைத்து நித்திரையில்லாமல் இருந்த அருந்ததி மெல்லக் கேட்டாள்: "சீதனம்?"

"ஒரு சதமும் வேண்டாம். பிள்ளை இங்கயே இருந்து படிப்பிச்சால் காணும்," என்றாள் வடிவம்மா.

மருமகளின் வேலையை இப்படி மதிக்கிற மாமியாரா? அருந்ததிக்குக் கண் கலங்கிவிட்டது. "தாயும் தகப்பனுமா நேரில வந்து கேக்கிறியள். வேறென்ன வேணும்?"

"நாங்கள் தாய் தகப்பன் இல்லையம்மா," என்றார் முத்துலிங்கம். "பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கம். வாற ரீச்சர்மார் எல்லாம் மாற்றம் எடுத்துக்கொண்டு போகினம், எங்கட பிள்ளையள் கணக்கில பெயில். விஞ்ஞான ரீச்சரைப் போன வருசம் இப்பிடித்தான் இந்த ஊரில கட்டிக்குடுத்தம். இப்ப விஞ்ஞானத்தில எல்லாரும் பாஸ்."

அருந்ததி திகைத்துப்போனாள். "அப்ப, மாப்பிள்ளை என்ன சொல்லுறார்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முதல்ல ரீச்சர் ஓமெண்டு சொல்லட்டும்," என்றாள் வடிவம்மா. "பிறகு அவனுக்குச் சொல்லுவம்."