நாற்காலி முதுகு

“அந்தக் கூனனுக்கா என் பொண்ணு?” என்று முனியம்மா கத்தினாள்.

“இன்னா பேசுற நீ? ஒல்லாந்துக்காரன் கோட்டையில நாள் முழுக்க நாற்காலியில உட்கார்ந்து கணக்கெழுதி வளைஞ்ச முதுகு அது. அந்த வலி மீன்காரி உனக்கு இன்னா தெரியும்?” என்றாள் சிங்காரத்தின் தாய் கோவிந்தம்மா.

இதைக் கேட்டு எங்கள் குப்பத்தில் நாலைந்து பேர் குனிந்து நடக்கப் பழகியதும் உண்டு.

சிங்காரம் பெண் பார்க்க வந்த அன்று, முனியம்மாவின் மகள் தேவகி மரைக்காயர் வீட்டு நாற்காலியை இரவல் வாங்கி வந்து போட்டாள்.

“உட்காருங்க.”

சிங்காரம் தன்னையறியாமல் மேல்துண்டை உருவி, நாற்காலியைக் கால்வரை குனிந்து துடைத்தான். பிறகு பக்கத்தில் கைகட்டி நின்றான். உட்காரவேயில்லை.

கோட்டையில் அவனுக்கு அதுதான் உத்தியோகம் என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

தேவகி ஒரு படகோட்டியைக் கட்டிக்கொண்டாள். ஒல்லாந்துத் துரைகள் நாகப்பட்டினத்துக்கு மாறியபோது, நாற்காலிகளோடு சிங்காரமும் போனான்.